குளிர்காலம்தானே என்று காயைச் செடியிலேயே விட்டு வைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் மொட்டை மாடியில் முள்ளங்கி, பீன்ஸ், காலிஃபிளவர், தக்காளி போட்டிருக்கிறேன். இன்னும் பெருக்கட்டும் என்று பறிக்காமல் விட்டேன். முள்ளங்கி உள்ளே சக்கையாக இருக்கிறது, பீன்ஸ் நார் நாராக வருகிறது, காலிஃபிளவர் மஞ்சளாகி விரிந்துவிட்டது. பனிதான் காரணமா?

பதில்: பனிமேல் பழி போட வேண்டாம், பறிப்பதில்தான் தாமதம். கடுங்குளிர் ஊர்களில் வளர்ச்சி நின்று, கிழங்கு மண்ணுக்குள்ளேயே கெடாமல் கிடக்கும். பெங்களூருவில் ஜனவரி இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கினாலும் பகலில் 27 டிகிரிக்குப் போய்விடுகிறது. அந்த வெயிலில் காய் முற்றிக்கொண்டேதான் இருக்கும்.

முள்ளங்கியைப் பிடுங்காமலே சோதிக்கலாம். வெளிப்பக்கத்து முற்றிய இலையின் காம்பை, கிழங்குக்கு ஒரு அங்குலம் மேலே குறுக்காக நறுக்குங்கள். நடுப்பகுதி பச்சையாக, ஈரமாக இருந்தால் கிழங்கும் சரி. வெளுத்துப் பஞ்சு போலவோ பொந்தாகவோ இருந்தால் உள்ளேயும் அதே கதைதான். அப்படியானால் அதோடு சேர்த்து விதைத்த முள்ளங்கியை எல்லாம் அன்றே பிடுங்கிவிடுங்கள். அடுத்த முறை மொத்தமாக விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். உங்கள் ஊர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நிஷாந்த் ரகம் எளிதில் சக்கையாகாது, 50-55 நாளில் பிடுங்கலாம்.

பீன்ஸில் விதை வெளியே புடைத்துத் தெரியக் கூடாது, ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். முற்றிய காய் தொங்கினால் செடி அதற்கே சத்தைக் கொட்டும், புதுப் பூ குறைந்துவிடும். ஆகவே நார் விழுந்த காய்களையும் இன்றே பறித்து, உள்ளிருக்கும் விதையை உரித்துக் குழம்பில் போடுங்கள். காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகே செடியைத் தொடுங்கள். ஈர இலையில் கை பட்டால் நோய் செடிக்குச் செடி பரவும்.

காலிஃபிளவர் மஞ்சளானது வெயில் பட்டதால். பூ எலுமிச்சை அளவு வந்ததும் சுற்று இலைகளை மேலே கூட்டி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். அப்புறம் தினமும் பிரித்துப் பார்த்து, பூ இறுக்கமாக இருக்கும்போதே வெட்டுங்கள். விரிந்ததையும் தாராளமாகச் சமைக்கலாம்.

தக்காளி அடியில் லேசாகச் சிவந்ததும் பறித்துச் சமையலறையில் வைத்தால் தானாகப் பழுக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

மொச்சை போட்டிருந்தால் அதற்கு மட்டும் அவசரம் வேண்டாம். பருப்பு திரண்டு காய் நன்றாகப் புடைக்கும்வரை விடுங்கள். தோல் மஞ்சளாகிச் சுருங்கும் முன் பறித்தால் போதும்.