சிலையோடு சிலையாக நின்ற உளவாளி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஆங்கிலப் பத்திரிகைப் படம் ஒன்று பார்த்தேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கிரேக்க, ரோமானியச் சிலைகளுக்கு நடுவே ஜெர்மன்காரர்கள் சிலை மாதிரி அசையாமல் நிற்கிறார்கள். 1910 என்று போட்டிருக்கிறது. முதல் உலகப் போரே 1914ல்தானே தொடங்கியது?

பதில்: ஆண்டு சரிதான். அதை வரைந்தவர் ஹீத் ராபின்சன் என்ற ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர். இங்கிலாந்தின் மேல் ஜெர்மனி படையெடுக்கப் போகிறது, அதற்கு முன்னோட்டமாக ஊரெங்கும் ஒற்றர்களை இறக்கிவிட்டது என்று லண்டன் முழுக்கப் பேச்சாக இருந்த நேரத்தில், 'தி ஸ்கெட்ச்' வார இதழில் அவர் தொடராக வரைந்த படங்களில் ஒன்று அது. இன்னொரு படத்தில் லண்டன் பக்கத்து எப்பிங் காட்டுக்குள் வேடம் போட்டு ஒளிந்திருக்கிறார்கள், பக்கத்திலேயே சாரணச் சிறுவன் ஒன்றும் தெரியாமல் போகிறான். அந்தப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? யார் மேலும் வெறுப்பு இல்லை. ஒற்றர்களும் பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டியவர்களும் அப்பாவிகள். ஊரே கிலி பிடித்து அலைந்தபோது ஒருவர் உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாக, கோடு கோடாக, நல்ல மனதோடு கேலி செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

கேள்வி: அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டது யார்? அரசாங்கமா, பத்திரிகைகளா?

பதில்: முதலில் பத்திரிகைகள், அப்புறம் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. வில்லியம் லெ கியூ என்ற கதாசிரியர் 1906ல் 'டெய்லி மெயில்' நாளிதழில் ஒரு படையெடுப்புத் தொடர்கதை எழுதினார். கதையில் ஜெர்மன் படை வரும் வழியைப் பத்திரிகை முதலாளி மாற்றச் சொன்னார். ஏனென்றால் படை சின்னக் கிராமங்கள் வழியாகப் போனால் அங்கே பத்திரிகை வாங்க ஆள் ஏது, பெரிய ஊர்கள் வழியாகப் போக வேண்டும்! விற்பனைக்காக வரைந்த வரைபடத்தை ஜனங்கள் நிஜமென்று நம்பிப் பயந்தார்கள். 1909ல் அதே ஆசிரியர் ஜெர்மன் பேரரசர் கெய்சரின் ஒற்றர்களைப் பற்றி இன்னொரு கதை எழுத, 'வீக்லி நியூஸ்' இதழ் அதை வெளியிட்டதோடு நிற்காமல், வெளிநாட்டு ஒற்றர்களைப் பற்றித் தகவல் தருபவர்களுக்குப் பத்து பவுண்ட் என்று அறிவித்தது. காசு தருகிறேன் என்றால் ஒற்றன் கிடைக்காமல் போவானா? ஹோட்டல் பரிமாறுபவர், சலூன்காரர், சைக்கிளில் ஊர் சுற்றும் பயணி என்று எல்லார் மேலும் சந்தேகம். அதே ஆண்டு நாடாளுமன்றத்திலேயே ஓர் உறுப்பினர் எழுந்து, நாட்டில் பயிற்சி பெற்ற 66,000 ஜெர்மன் சிப்பாய்கள் இருப்பதாகவும், நடு லண்டனில் சேரிங் கிராஸ் பக்கத்துப் பாதாள அறைகளில் 50,000 துப்பாக்கிகள் பதுக்கி வைத்திருப்பதாகவும் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். இந்தச் சூட்டில்தான் 1909 அக்டோபரில் ரகசியச் சேவை அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று எம்ஐ5, எம்ஐ6 என்கிறோமே, அந்த பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் இரண்டுக்கும் அதுதான் தாய்வீடு.

கேள்வி: எழுத்தில் யாரும் இதைக் கேலி செய்யவில்லையா?

பதில்: செய்தார்கள். 1909லேயே, பின்னாளில் நகைச்சுவைக் கதைகளுக்குப் பேர்போன பி.ஜி.வோட்ஹவுஸ், இளைஞராக இருந்தபோது ஒரு கேலிப் புத்தகம் எழுதினார். ஒரே நேரத்தில் ஒன்பது நாட்டுப் படைகள் இங்கிலாந்தில் இறங்குகின்றன. ஜெர்மன் படை வந்திறங்கிய செய்தி பத்திரிகையின் கடைசி நிமிடச் செய்திகளில், கிரிக்கெட் ஸ்கோருக்கும் குதிரைப் பந்தய முடிவுக்கும் நடுவே ஒற்றை வரியாக வருகிறது. நாட்டைக் காப்பாற்றுவது ஒரு சாரணச் சிறுவன்.

கேள்வி: அப்படியானால் ஒற்றர்களே இல்லையா, எல்லாமே கட்டுக்கதையா?

பதில்: இருந்தார்கள், கொஞ்சம் பேர். இரண்டு பக்கமும். 1910ல் போர்ட்ஸ்மவுத் கோட்டைகளை வரைந்துகொண்டிருந்த ஹெல்ம் என்ற ஜெர்மன் அதிகாரி பிடிபட்டார். அதே ஆண்டு ஜெர்மனியின் கடற்கரையை வேவு பார்த்த பிராண்டன், டிரெஞ்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளும் பிடிபட்டார்கள். சலூன்காரர்தான் ஒற்றன் என்ற ஊர்ப்பேச்சுக்குக்கூட ஓர் ஆதாரம் உண்டு. லண்டன் கலிடோனியன் சாலையில் கார்ல் எர்ன்ஸ்ட் என்ற முடிதிருத்துபவர், ஜெர்மனியிலிருந்து வரும் கடிதங்களுக்கு பிரிட்டிஷ் தபால்தலை ஒட்டி உள்ளூர் ஒற்றர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முதலில் அதற்கு மாதம் ஒரு பவுண்ட்தான் கூலி. அதிகாரிகள் அவருடைய தபாலைப் பிரித்துப் படித்துக்கொண்டே பல ஆண்டுகள் விட்டுவைத்து, போர் தொடங்கியதும் பிடித்தார்கள். ஏழாண்டு தண்டனை. ஆனால் அந்த ஒருவருக்காக நாட்டிலிருந்த அத்தனை ஜெர்மன் சலூன்காரர்களும் சந்தேகத்தைச் சுமந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

கேள்வி: ஒற்றர்கள் பட்டாம்பூச்சிப் படத்துக்குள் கோட்டை வரைபடத்தை ஒளித்து வைப்பார்களாமே, உண்மையா?

பதில்: சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் 1915ல் தன் வேவு அனுபவங்களை எழுதியபோது அந்தப் படத்தையே அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். கையில் வலை, வர்ணப்பெட்டி, நோட்டுப் புத்தகம். யாராவது மறித்தால் பாதி வரைந்த பட்டாம்பூச்சியை நீட்டி, இந்த வகையை இங்கே பார்த்தீர்களா என்று அவர்களையே கேட்டுவிடுவார். இறகின் கோடுகள் கோட்டையின் வடிவம். கோட்டின் மேல் விழுந்த புள்ளிகள் பீரங்கிகள், கோடுகளுக்கு நடுவே இருக்கும் புள்ளிகள் சும்மா, கண்ணை ஏமாற்ற.

கேள்வி: இவ்வளவு சிரித்தவர்கள் போர் வந்ததும் தெளிவாகத்தானே இருந்திருப்பார்கள்?

பதில்: அப்படி நடக்கவில்லை என்பதுதான் வருத்தம். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே லண்டன் போலீசுக்கு எட்டாயிரத்துக்கு மேல் புகார்கள் குவிந்தன. வீட்டுத் தோட்டத்தில் சிமெண்டில் டென்னிஸ் மைதானம் போட்டிருந்தால் அது பீரங்கி வைக்கும் மேடை. சுவரில் சூப் விளம்பரத் தகடு இருந்தால் அதன் பின்பக்கம் எதிரிக்கு வழி எழுதியிருக்கும் என்று ஸ்குரூ டிரைவரோடு கிளம்பிப்போய்க் கழற்றிப் பார்த்தார்கள். 1915 மே மாதம் லூசிடேனியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பிறகு, ஜெர்மன் பெயர்ப்பலகை மாட்டிய ரொட்டிக் கடைகளையும் இறைச்சிக் கடைகளையும் லிவர்பூலிலும் லண்டனிலும் கும்பலாகப் போய் நொறுக்கினார்கள். ராபின்சன் அப்போதும் வரைந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் கேலிப்படத்தால் கடைக் கண்ணாடியைக் காப்பாற்ற முடியுமா?

ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோ கலைப்பள்ளிக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ், 1914ல் உடம்பும் மனசும் தளர்ந்து, சஃபோக் கடற்கரையில் வால்பர்ஸ்விக் என்ற கிராமத்துக்கு மனைவியோடு வந்து தங்கினார். பகலில் பூக்களை வரைவார், பொழுது சாய்ந்ததும் கடலோரமாக நடப்பார். அவர் பேச்சு ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்துப் பேச்சு, வீட்டில் எதிரி நாடான ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் வேறு இருந்தன. போதாதா? ஒருநாள் நடந்துவிட்டு வந்தால் வாசலில் சிப்பாய் காவல் நிற்கிறான். அவர் ஒற்றன் இல்லை என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் 1915ல் அந்தப் பகுதியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே அவர் வரைந்த பூக்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் பூவின் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு, அவருடைய பெயரின் முதலெழுத்துகள், பக்கத்திலேயே மனைவியுடையவை.