மெடிக்கல் போய்விடும் என்ற பயம்

வணக்கம்.

என் மகன் இரத்மலானையில் விமானி ஆகப் படிக்கிறான். வயது 22. அவனுடைய படிப்புக்காக வங்கியில் கடன் எடுத்திருக்கிறோம், என் நகையும் அடைவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பொடியன் ஒருவன் விபத்தில் இறந்த நாளில் இருந்து இவன் சரியாக நித்திரை கொள்வதில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. டொக்டரிடம் காட்டுவோம் என்றால், "அம்மா, ஃபைலில ஏறினா என்ர மெடிக்கல் போயிடும், பேசாம இருங்கோ" என்கிறான். பறக்க உடல்நலம் சரி என்று தரும் வைத்தியச் சான்றிதழைத்தான் மெடிக்கல் என்கிறான். இதற்கிடையில் என் தம்பி, விமானத்தை மலையில் மோதிய ஜேர்மன் விமானியின் கதையை யூடியூப்பில் பார்த்துவிட்டு, இப்படியான ஆட்களை இரத்தம் எடுத்துப் பார்த்து முதலே கலைத்துவிட வேணும் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். மகன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். தம்பி சொல்வது சரியா? மகனுக்கு நான் என்ன சொல்ல?

— ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள அம்மா,

தம்பியின் யோசனையை முதலில் பார்த்துவிடுவோம். மனச்சோர்வைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. ஆள் வாய் திறந்து சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். சொன்னவுடன் கலைத்துவிடுவோம் என்றால் யார் சொல்வார்கள்?

தம்பி பார்த்த கதையையே எடுத்துக்கொள்வோம். 2015 மார்ச் 24ஆம் தேதி, பார்சிலோனாவில் இருந்து டுசல்டோர்ஃப் போன ஜேர்மன்விங்ஸ் விமானம். கப்டன் வெளியே போன நேரம் துணை விமானி, விமானிகள் இருக்கும் அறையின் கதவைப் பூட்டிவிட்டு, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதவிட்டார். 150 பேர் இறந்தார்கள். யூடியூப்காரர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடங்களோடு நின்றுவிடுவார்கள். பிரெஞ்சு விசாரணையாளர்கள் 2016இல் வெளியிட்ட அறிக்கையோ அதற்கு முந்தைய ஏழு வருடத்தைப் பார்க்கிறது. அவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே, 2008இல், கடும் மனச்சோர்வு வந்திருந்தது. சுகமாகி, 2009இல் மெடிக்கல் திரும்பக் கிடைத்தது. ஆனால் நோய் மீண்டும் வந்தால் அது செல்லாது என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பினால், உரிமம் பறிபோனால் வருமானத்தை ஈடுகட்டும் காப்புறுதி அவருக்குக் கிடைக்கவில்லை. பயிற்சிக்கு எடுத்த கடன் சுமார் 41,000 யூரோ. 2014 கடைசியில் நோய் திரும்பி வந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை, வைத்தியர் வைத்தியராக ஏறி இறங்கினார். மனநல வைத்தியசாலைக்குப் போகச் சொன்னவரும் உண்டு, வேலைக்குப் போகாதே என்று கடிதம் எழுதிக் கொடுத்தவரும் உண்டு. அந்தக் கடிதத்தை அவர் கம்பனிக்குக் கொடுக்கவில்லை. தொழிலின் இரகசியம் காக்கும் வைத்தியர்களும் மேலிடத்துக்கு அறிவிக்கவில்லை.

அவர் செய்ததற்கு இது எதுவும் சாட்டு ஆகாது. 150 பேரின் உயிருக்கு முன்னால் கடன் ஒரு காரணமா? ஆனால் நோய் யார் கண்ணிலும் படாமல் போனது என்பது உண்மையில்லை. வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. பறக்க விடாமல் செய்துவிடுவார்கள் என்ற பயம்தான், தெரிய வேண்டிய இடத்துக்கு அது போகாமல் மறித்தது.

இன்னொரு சம்பவம், இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2012 மார்ச்சில், நியூயோர்க்கில் இருந்து லாஸ் வேகாஸ் போன ஜெட்ப்ளூ விமானத்தில் கப்டனுக்கே புத்தி தடுமாறியது. சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினார். அவர் கழிப்பறைப் பக்கம் போன நேரம் துணை விமானி கதவைப் பூட்டிவிட்டார். பயணியாக வந்த இன்னொரு கப்டனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். வெளியே நின்று கதவைத் தட்டிய கப்டனைப் பயணிகள் மடக்கி, சீட் பெல்ட்டால் கட்டி வைத்தார்கள். விமானம் டெக்சாஸில் அமரில்லோவில் பத்திரமாக இறங்கியது. நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, சித்த சுவாதீனம் இல்லாத நிலை என்று தீர்த்தது. இரண்டு சம்பவத்திலும் துணை விமானிதான் கதவைப் பூட்டினார், கப்டன்தான் வெளியே நின்றார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு போட்ட அதே உறுதியான கதவு. ஒன்றில் எல்லோரும் தப்பினார்கள், மற்றதில் ஒருவரும் இல்லை. இப்படியான பூட்டுத் திறப்பு ஏற்பாடுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாமல் போனது இதனால்தான்.

2015இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பெயர் கேட்காமல் இணையம் வழியாக விமானிகளிடம் கேள்விகள் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் 12.6 வீதமானவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. எட்டில் ஒருவர் என்று வையுங்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதற்குப் பிறகும் ஒழுங்காக விமானம் ஓட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், அதனால் இதைப் படித்துவிட்டுக் கனடா டிக்கெட்டை யாரும் கான்சல் பண்ண வேண்டாம். நான் யோசிப்பது வேறு. பெயரும் கையெழுத்தும் போட்டு நிரப்பும் மெடிக்கல் படிவத்தில் அதே எட்டில் ஒருவர் "ஆம்" என்று எழுதுவாரா?

இது நமக்குப் புதிதும் இல்லை. 1998 வரை இலங்கையில் தற்கொலைக்கு முயன்று பிழைப்பது தண்டனைக்குரிய குற்றம். பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர்கள் வார்டில் என்ன சொல்வார்கள்? "தெரியாமல் மாறிக் குடிச்சிட்டார்." பொலிஸ் வரும் என்ற பயம். அதற்குப் பிறகு எந்த வைத்தியர் போய் மனசைப் பற்றிக் கேட்பது? சட்டத்தை எடுத்தார்கள். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடையின் பெயரைச் சொல்லி இன்றும் நக்கல் அடிக்கிறோம்தானே.

விமானத்துறையும் மெதுவாகத்தான் நகர்கிறது. அமெரிக்காவில் 2010இல் இருந்து, மனச்சோர்வுக்கான குறிப்பிட்ட சில மருந்துகளை எடுத்துக்கொண்டே, நிலைமை சீராக இருந்தால், அனுமதி வாங்கிப் பறக்கலாம். ஐரோப்பாவில் 2021 முதல், விமானி இன்னொரு விமானியிடமே மனம்விட்டுப் பேச ஓர் ஏற்பாடு ஒவ்வொரு விமானக் கம்பனியிலும் இருக்க வேண்டும் என்று விதி. மேலதிகாரியிடம் சொல்ல முடியாததைக் கூட வேலை செய்பவனிடம் சொல்லலாம் என்ற கணக்கு. நல்ல கணக்கு என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் மகன். அவனுடைய பயம் வீண் பயம் என்று அவனிடம் சொல்ல வேண்டாம், நம்பமாட்டான். வைத்தியரிடம் போனால் கொஞ்ச நாள் பறக்காமல் இருக்கச் சொல்லக்கூடும். அது உண்மை. ஆனால் சிநேகிதனைப் பறிகொடுத்த துக்கத்தில் நித்திரை வராமல் இருப்பது பைத்தியம் இல்லை, பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கவனித்தால் தெளிகிற விஷயம். மூடி வைத்து முற்றவிட்டால்தான் உரிமத்துக்கே ஆபத்து. நித்திரைக்கு என்று பார்மசியில் குளிசை வாங்கித் தானாகப் போட விடாதீர்கள். தடிமனுக்குத் தரும், நித்திரை வரவைக்கும் குளிசையைக்கூடப் போட்டுவிட்டு விமானம் ஓட்டக்கூடாது. முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள், இவன் பறக்கப் படிக்கிறவன் என்று சொல்லியே மருந்து கேளுங்கள்.

அப்புறம், கடனையும் நகையையும் பற்றி அவன் காதில் விழப் பேசுவதை நிறுத்துங்கள். "பறக்காட்டிலும் பரவாயில்லை, கடனை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று நீங்களும் அவன் அப்பாவும் சேர்ந்து ஒருமுறை சொல்லுங்கள். மனதில் இருந்தால் மட்டும். ஒப்புக்குச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தால் மெடிக்கலும் கடனும் ஒரு பக்கம் கிடக்கட்டும், அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் வேலை செய்யும். அவன் எடுக்காவிட்டால் நீங்கள் எடுத்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். தம்பியைக் கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா பாருங்கள்.