விவாகரத்துத் தீர்ப்பு நகல் வாங்குவது எப்படி? ஓய்வுபெற்ற சிரஸ்தார் பதில்கள்

சார்பு நீதிமன்றங்களில் நகல் பிரிவு, ஆவண அறை, கடைசியில் சிரஸ்தார் (நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தர்) என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. வழக்கு போடலாமா, ஜெயிக்குமா என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். முடிந்துபோன வழக்கின் காகிதக் கட்டு எங்கே இருக்கும், அதிலிருந்து நகல் எப்படி வாங்குவது என்று கேளுங்கள், சொல்கிறேன். வாங்கிய நகலை லேமினேட் செய்யாதீர்கள் என்பதை மட்டும் யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல் வாசகி: 2009-ல் எனக்கு விவாகரத்து ஆனது. வக்கீல் இறந்துவிட்டார், என் கையில் ஒரு காகிதமும் இல்லை. இப்போது மறுமணத்தைப் பதிவு செய்யப் போனால் டைவர்ஸ் சர்டிபிகேட் கேட்கிறார்கள். எந்த ஆபீஸில் வாங்குவது?

எந்த ஆபீஸிலும் கிடைக்காதம்மா. பிறப்பு, இறப்புக்குப் பதிவேடு இருப்பதுபோல விவாகரத்துக்குத் தமிழ்நாட்டில் பதிவேடு கிடையாது. திருமணத்தைப் பதிவு செய்த சார்பதிவாளரிடமும் இருக்காது. உங்கள் வழக்கை முடித்த நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் உங்கள் சான்று. எங்கள் பாஷையில் அதற்கு 'ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர்'. நீதிபதி காரணம் சொல்லி எழுதியது ஒன்று, திருமணம் ரத்து என்று சுருக்கமாகச் சொல்லும் தீர்ப்பாணை இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

முதலில் எந்தக் கோர்ட் என்று தெரிய வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் இருந்த ஊர் என்றால் அங்கே. இல்லாத ஊர்களில் இந்துத் திருமண வழக்குகள் சார்பு நீதிமன்றத்தில்தான் நடந்தன, எண் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்று தொடங்கும். எண் தெரியாவிட்டால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், கோர்ட், ஆண்டு கொடுத்துப் பெயரை வைத்துத் தேடலாம். ஆங்கில எழுத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரே மகாலட்சுமியை நாலு விதமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். முழுப் பெயரைப் போடாமல் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, கணவர் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள். ஆண்டு என்பது வழக்குப் போட்ட ஆண்டு, முடிந்த ஆண்டு இல்லை. 2009-ல் முடிந்தது 2006-ல் போட்டதாக இருக்கலாம். கிடைத்தால் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய வழக்குகள் எல்லாமே கணினியில் ஏறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். வீட்டில் தேடுங்கள்: பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், ஜீவனாம்ச வழக்குக் காகிதம் என ஏதாவது ஒன்றில் எண் இருக்கும். மறைந்த வக்கீலின் ஜூனியரையோ குமாஸ்தாவையோ விசாரியுங்கள். குமாஸ்தாக்களின் டைரி ஈ-கோர்ட்ஸைவிட நம்பகமானது. அதுவும் இல்லையென்றால் அடையாள அட்டையோடு நேரில் போய், பதிவேட்டில் தேடித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். தோராயமான ஆண்டையாவது சொல்ல வேண்டும்.

எண் கிடைத்ததும் நகல் மனு. வழக்கு எண், இரு தரப்புப் பெயர், முடிந்த தேதி, என்னென்ன நகல் வேண்டும் என்பதை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுத்தால் அதற்கு ஒரு சி.ஏ. எண் (நகல் மனு எண்) போடுவார்கள். வழக்கில் நீங்கள் ஒரு தரப்பு, அதனால் நீங்களே கொடுக்கலாம். பிறகு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பலகையைப் பார்க்காமல் வீட்டில் போனுக்குக் காத்திருப்பார்கள். கெடுவுக்குள் பணம் கட்டாததால் மனு தள்ளுபடியாகியிருக்கும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பம்.

இரண்டு செட் வாங்குங்கள். லேமினேட் வேண்டாம்.

கரூர் வாசகர்: நகலுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். இலவசம் என்று எங்கோ படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டம் பிரிவு 23(4): விவாகரத்துத் தீர்ப்பாணை வழங்கும் நீதிமன்றம் இரு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும். தீர்ப்பு வந்த சூட்டோடு அதைக் கேட்டு வாங்குவது நல்லது, பலர் கேட்பதே இல்லை. கூடுதல் நகலுக்கும் வழக்குக் கட்டிலுள்ள மற்ற ஆவணங்களுக்கும் கட்டணம் உண்டு.

சென்னை வாசகர்: என் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை விவாகரத்தானவர். உண்மைதானா என்று கோர்ட்டில் நகல் எடுத்துப் பார்க்க முடியுமா?

நீங்கள் மூன்றாம் நபர். சிவில் வழக்கில் மூன்றாம் நபர் நகல் கேட்பதென்றால் என்ன காரணத்துக்கு என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். திருமண வழக்கில் அது இன்னும் கடினம். இந்து திருமணச் சட்டம் பிரிவு 22-ன்படி விசாரணையே மூடிய அறையில் நடப்பது.

அவ்வளவு சுற்றி வளைக்கவும் தேவையில்லை. மாப்பிள்ளையையே நகல் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் விவாகரத்தானவரிடம் இருக்கும், தரத் தயங்கவும் மாட்டார். அதில் கோர்ட் முத்திரை, சான்றொப்பம், கடைசிப் பக்கத்தில் நகல் மனு போட்ட தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். வழக்கு எண்ணை ஈ-கோர்ட்ஸில் போட்டு, முடிந்ததாகக் காட்டுகிறதா, தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விவாகரத்து மனு தள்ளுபடி ஆனாலும் வழக்கு 'முடிந்தது' என்றுதான் காட்டும், எனவே உத்தரவைப் படிக்காமல் தலையாட்டாதீர்கள்.

தர்மபுரி வாசகர்: எங்கள் ஊரில் பெரியவர்கள் பேசி, 20 ரூபாய் பத்திரத்தில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டோம். நோட்டரி முத்திரையும் இருக்கிறது. இதைக் கோர்ட்டில் கொடுத்து நகல் வாங்க முடியுமா?

முடியாது. கோர்ட்டில் வழக்கே நடக்கவில்லை என்றால் எதிலிருந்து நகல் தருவார்கள்? நோட்டரி முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி, திருமணத்தை ரத்து செய்யாது.

அதே தர்மபுரி வாசகர்: பிரிவு 29(2) வழக்கப்படியான விவாகரத்தை அங்கீகரிக்கிறதே? எங்கள் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகத் 'தீர்த்துவிடுவது' இப்படித்தான்.

பிரிவு எண்ணோடு வருகிறீர்கள், நல்லது. 29(2) இருப்பது உண்மை. வழக்கத்தின்படி திருமணத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை இந்து திருமணச் சட்டம் பறிக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, தொடர்ச்சியாக இருந்தது என்பதை அதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். யமனாஜி ஜாதவ் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அங்கேயும் ஒரு விவாகரத்துப் பத்திரம்தான் இருந்தது; அந்த வழக்கத்தை மனுவில் எடுத்துச் சொல்லவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை என்பதால் அது நிற்கவில்லை.

கிருஷ்ணகிரி வாசகி: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்திலும் தாலியைத் திருப்பிக் கொடுத்து, பரிசப் பணத்தைக் கணக்குத் தீர்த்துப் பிரிவார்கள். மறுமணமும் செய்வார்கள். கோர்ட் படி ஏறியவர்கள் கிடையாது. அப்படியானால் எங்கள் பாட்டிகள் எல்லோரும் சட்டவிரோதமாகவா வாழ்ந்தார்கள்?

இல்லவே இல்லை. அந்த வழக்கம் பெண்களுக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கணவன் சரியில்லை என்றால் விலகி இன்னொருவரைக் கட்டிக்கொள்ளும் உரிமை, சட்டம் வருவதற்கு முன்பே அந்தப் பெண்களுக்கு இருந்தது. மேல்தட்டுப் பெண்களுக்கு அது அப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால் நான் ஆவண அறைக்காரன், காகிதத்தைத்தான் பேசுவேன். ஊருக்குள் இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. பென்ஷன், விசா, சொத்துப் பங்கு என்று வரும்போது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் ஊர் வழக்கம் தெரியாது.

தர்மபுரி வாசகர்: இருவருக்கும் சம்மதம், ஊருக்கும் சம்மதம். இதில் கோர்ட்டுக்கு என்ன வேலை?

கோபம் புரிகிறது. நாளைக்கு இருவரில் ஒருவர் சம்மதமில்லை என்று மாறினால் என்ன செய்வீர்கள்? நீங்கள் மறுமணம் செய்த பிறகு முதல் மனைவி புகார் கொடுத்தால் அது இருதார வழக்கு. முன்பு தண்டனைச் சட்டம் 494, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 82. வழக்கம் உண்டு என்பதை அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு நிரூபிக்க வேண்டும். அதைவிட இப்போதே நிரூபிக்கலாமே? இரண்டு வழி உண்டு. நடந்த பிரிவு செல்லும் என்று விளம்புகை (நீதிமன்றத்தின் அறிவிப்பு) கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். திருமண நிலையைப் பற்றிய விளம்புகை குடும்ப நல நீதிமன்றச் சட்டம் பிரிவு 7-ல் வருகிறது. அல்லது இருவருக்கும்தான் சம்மதமாயிற்றே, இந்து திருமணச் சட்டம் 13-பி-யில் மனமொத்த விவாகரத்து மனுப் போட்டு முடித்துக்கொள்ளலாம். ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிருஷ்ணகிரி வாசகி: அந்தப் பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயோ, வேண்டாம்! விளம்புகை வழக்கில் அதுதான் முதல் சாட்சி ஆவணம். கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வழக்கைப் போடுங்கள். இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன், வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாகர்கோவில் வாசகர்: என் அம்மாவுக்கு 1994-ல் கிறிஸ்தவத் திருமண விவாகரத்து. மாவட்ட நீதிமன்ற நகல் இருக்கிறது. அது போதாது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. 1869 விவாகரத்துச் சட்டத்தில் 2001 திருத்தம் வரும்வரை, மாவட்ட நீதிபதி கொடுத்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் திருமணம் முடிந்ததாகக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது அந்த உறுதி செய்த உத்தரவு. மதுரைக் கிளை 2004-ல்தான் வந்தது, அதனால் சென்னையில் தேடத் தொடங்குங்கள். கையில் உள்ள மாவட்ட நீதிமன்ற வழக்கு எண்ணையும் தேதியையும் கொடுத்தால் கண்டுபிடிக்க வழி உண்டு. உறுதிக்கு அனுப்பப்படவே இல்லை என்று தெரிந்தால் அது வக்கீலிடம் போக வேண்டிய விஷயம்.

வேலூர் வாசகி: ஜமாத் கொடுத்த குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்று இருக்கிறது. அதற்குக் கோர்ட் நகல்?

கோர்ட்டுக்குப் போகாததால் நகல் இல்லை. காஜி தரும் சான்று வெறும் கருத்துதான் என்று 2017-லும், ஷரியத் கவுன்சில் தரும் குலா சான்று செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

திருப்பூர் வாசகி: "எனக்கு டைவர்ஸ் கிடைத்துவிட்டது" என்று கணவர் சொல்கிறார். எனக்கு ஒரு சம்மனும் வரவில்லை. எப்படி அறிவது?

இதை அவசரமாகப் பாருங்கள். ஈ-கோர்ட்ஸில் அவர் பெயரைப் போட்டு, அவர் குடியிருந்த ஊர், திருமணம் நடந்த ஊர், நீங்கள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் மூன்றிலும் தேடுங்கள். வழக்கு இருந்தால் நீங்கள் எதிர்மனுதாரர், நகல் வாங்க யார் அனுமதியும் வேண்டாம். தீர்ப்பை மட்டும் வாங்கினால் பயனில்லை. மனுவின் நகல், சம்மன் சார்வு ஆன (ஒப்படைக்கப்பட்ட) விதத்தைக் காட்டும் அமீனா அறிக்கை, தபால் உறை, பத்திரிகை விளம்பரம் கொடுத்திருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் கேளுங்கள். எந்த விலாசத்துக்கு சம்மன் அனுப்பினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்க சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன்படி மனுப் போடலாம். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால், தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

ஈரோடு வாசகர்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டால் சுலபமாமே?

இல்லை. நீதிமன்ற விதிப்படி நகல் வாங்க வழி இருக்கும்போது ஆர்.டி.ஐ.யில் கேட்க முடியாது என்று 2020-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெயர் போடாதவர்: ஒரு நடிகரின் விவாகரத்து மனுவைப் பார்க்க வேண்டும்.

பார்த்து? அடுத்த கேள்வி.

சிங்கப்பூர் வாசகர்: இங்கே கொடுக்க அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல நம் அரசு தரும் சான்று) கேட்கிறார்கள். வர முடியாது, அண்ணன் ஊரில் இருக்கிறார்.

அண்ணனுக்கோ வக்கீலுக்கோ அதிகாரம் கொடுத்து நகல் மனு போடலாம். கையில் கிடைத்த சான்றிட்ட நகலை முதலில் மாநில அரசின் சான்றொப்பத்துக்கும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலுக்கும் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் 2021 முதல் அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இருப்பதால் அதுவே போதும். லேமினேட் செய்த நகலில் முத்திரை குத்த முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். நான் ஏன் கரடியாகக் கத்துகிறேன் என்று இப்போது புரிகிறதா?

சேலம் வாசகர்: ஈ-கோர்ட்ஸிலிருந்து டவுன்லோட் செய்த உத்தரவு போதுமா?

போதாது. பார்வைக்கு மட்டும்.

மதுரை வாசகர்: ஆன்லைனில் எடுத்த பிரின்ட் செல்லுமா?

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

தஞ்சை வாசகர்: மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் முதல் திருமணம்...

சென்னைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருச்சி வாசகி: அப்பா மத்திய அரசு ஓய்வூதியர், 2019-ல் காலமானார். எனக்குத் தீர்ப்பு 2021-ல். குடும்ப ஓய்வூதியம் கிடையாது என்கிறார்கள்.

வழக்கை எப்போது போட்டீர்கள்? அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தபோதே மனுத் தாக்கல் ஆகியிருந்தால், தீர்ப்பு பிறகு வந்தாலும் மகளுக்கு ஓய்வூதியம் உண்டு என்று 2017-ல் மத்திய அரசு ஆணை வந்திருக்கிறது. மற்ற தகுதிகளும் பார்ப்பார்கள். உங்களுக்குத் தீர்ப்பு நகல் மட்டும் போதாது, தாக்கல் தேதி தெரியும் மனுவின் நகலும் வேண்டும். பழைய கட்டுகளை விதிப்படி அழிப்பதும் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

விழுப்புரம் வாசகி: இ-சேவையில் 'கணவனால் கைவிடப்பட்டவர்' சான்று வாங்கினேன். அதை வைத்து மறுமணம்?

கூடாது. அது நலத்திட்டங்களுக்காக வருவாய்த் துறை தருவது. திருமணம் அப்படியேதான் இருக்கிறது.

கோவை வாசகர்: குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது, நகலும் வாங்கிவிட்டேன். எதிர்த்தரப்பு கடைசிவரை சண்டை போட்டது. அடுத்த மாதம் மறுமணம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

தேதியைத் தள்ளுங்கள். இந்து திருமணச் சட்டம் பிரிவு 15-ன்படி மேல்முறையீட்டுக் கெடு முடிந்த பிறகுதான் மறுமணம். மனமொத்த தீர்ப்பாக இருந்தால் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 19(2)-ன்படி மேல்முறையீடே கிடையாது. உங்களுடையது அப்படி இல்லை. அந்தச் சட்டத்தில் கெடு 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள். எது என்று வக்கீல்கள் வாதாடட்டும், நீங்கள் 90-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு நகல் வாங்க எடுத்துக்கொண்ட நாட்களும் கெடுவோடு சேரும். அது முடிந்ததும் மேல்முறையீடு ஏதும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மண்டபக்காரரிடம் வேறு தேதி கேளுங்கள்.