இளந்துருக்கியர் என்பது வசையா, வாழ்த்தா?

கேள்வி: எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் பொதுக்குழுவில், பைலாவில் உள்ளபடி ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசிக்க வேண்டும் என்று நாங்கள் நான்கு பேர் எழுந்து கேட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர், "இளந்துருக்கியர்கள் கிளம்பிவிட்டார்கள்" என்றார், கூட்டம் சிரித்தது. அவர் எங்களைப் பாராட்டினாரா, ஏசினாரா?
- வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: அந்தப் பெரியவர் 1960-களின் இறுதியில் செய்தித்தாள் படித்துப் பழகியவராக இருக்க வேண்டும். அப்போது காங்கிரசுக்குள் இருந்துகொண்டே, வங்கிகளை நாட்டுடைமையாக்க வேண்டும், மன்னர் மானியத்தை ஒழிக்க வேண்டும் என்று தங்கள் கட்சித் தலைமையையே நெருக்கிய சந்திரசேகர், மோகன் தாரியா, கிருஷ்ண காந்த் முதலானோரைப் பத்திரிகைகள் அப்படி அழைத்தன. கட்சியை விட்டு வெளியேறாமல் உள்ளிருந்தே மாற்றம் கேட்பவர் என்பதுதான் அதன் பொருள். வயதுக்கு அதில் பெரிய இடமில்லை. சந்திரசேகர் 1990-இல் தம் 63-ஆம் வயதில் பிரதமரானபோதும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை.

சொல்லின் பிறப்பிடம், இன்றைய துருக்கியை மையமாகக் கொண்டிருந்த ஒட்டோமான் பேரரசு. அங்கே 1876-இல் ஓர் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது நாடாளுமன்றத்தைக் கலைத்து, அச்சட்டத்தை முப்பது ஆண்டுகள் முடக்கிவைத்தார். 1908-இல் அப்பேரரசின் மாசிடோனியாவில் இருந்த, இளந்துருக்கியர் எனப்பட்ட இயக்கத்தைச் சேர்ந்த படை அதிகாரிகள் கிளர்ந்தெழுந்து அதை மீட்டார்கள். புதிதாக ஒரு சட்டத்தை அவர்கள் கேட்கவில்லை, இருந்த சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள் என்பதே இதில் என் கவனத்தை ஈர்ப்பது.

ஆயினும் இதை வெறும் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள இயலாது. 1913-க்குப் பிறகு அதே இயக்கத்தில் அதிகாரம் என்வர், தலாத், ஜெமால் என்னும் மூவர் கைக்குள் சுருங்கியது. அவர்கள் ஆட்சியில்தான் 1915-இல் ஆர்மீனியர்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். நம் நாட்டில் அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பின்பாதியை ஏனோ நினைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் சங்கத்தில் எழுந்த சிரிப்பைக் கொண்டு பார்த்தால், பெரியவர் கேலியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் கேட்டது பைலாவில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத்தான் என்பதால், 1908-ஐப் பொறுத்தவரை அவர் வாயில் சரியான சொல்லே வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்குப் போகும்போது பைலாவின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.