கேமரா வாங்கலாமா என்று கேட்டீர்கள், சங்கிலி எங்கே என்று கேட்கிறேன்

கேள்வி: காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் 26,000 ரூபாய். புதுவயல் பக்கம் எங்கள் ஊர் கபடி அணியின் ஆட்டங்களையும், பொங்கலுக்கு மஞ்சுவிரட்டையும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறேன். போட்டி நடத்துகிறவர்கள் ஒரு நாளைக்கு 1,500 தருவார்கள். போன வருடம் 14 நாள் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன் மனைவியின் 5 பவுன் சங்கிலியை வைத்து 1,20,000 வாங்கித்தான் கேமரா வாங்கினேன். வருட வட்டி 12 சதவீதம், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இரவு ஆட்டங்களில் படம் மினுக்குகிறது, கபடி பாடிப் போகிறவர் கலங்கித் தெரிகிறார். பையன்கள் 4கே கேமராவும் ட்ரோனும் வாங்கச் சொல்கிறார்கள். மச்சினன், கிரிக்கெட் பார்க்க 62,000 ரூபாய்க்கு 65 இஞ்ச் டிவியை வட்டியில்லாத் தவணையில் எடுக்கலாம், மாதம் 5,167தான் என்கிறான். தங்கம் ஏறியிருப்பதால் அதே சங்கிலிக்கு இன்னும் 1,50,000 தருவதாக நகைக்கடன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கையில் 20,000 இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: கடிதத்தில் கேமராவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது ‘ஒரு தடவைகூடத் தவறியதில்லை’ என்ற வரிதான். அதை நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதால் இன்னும் உறுத்துகிறது.

கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், கூடவே போட்டுப் பாருங்கள். 1,20,000க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 14,400. மூன்று வருடத்தில் 43,200 போய்விட்டது. அசல்? அதே 1,20,000. சரி, வரவைப் பார்ப்போம். 14 நாளுக்கு 1,500 என்றால் 21,000. பெட்ரோல், சாப்பாடு, கூட வரும் பையனுக்குக் கைச்செலவு எல்லாம் போக 15,000 நின்றால் அதிகம். அதில் வட்டி 14,400ஐக் கழித்தால் மிச்சம் 600 ரூபாய். வெயிலிலும் புழுதியிலும் ஒரு வருடம் நின்று படம் பிடித்தது அந்த 600க்குத்தான். உங்கள் முதலாளி இப்படி ஒரு கடனை வைத்திருந்தால் வருடக் கணக்கை முடித்து ஐந்தொகை போடும்போது நீங்களே கேட்டிருப்பீர்கள். வட்டிக்கு விட்டுப் பர்மாவரை போன ஊர் இது. இந்த ஊரில் வட்டி கட்டுவதை ஒருவர் சாதனையாகச் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதில் இன்னும் 1,50,000 சேர்த்தால் கடன் 2,70,000. வருட வட்டி 32,400, அதாவது மாதம் 2,700. இது அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் கட்டுவது. தங்கம் ஏறியதால் உங்களுக்கு வருமானம் வந்துவிடவில்லை. அடகில் இருக்கும் நகையின் விலை ஏறினால் இன்னும் பெரிய கடனுக்குக் கதவு திறக்கிறது, அவ்வளவுதான். இறங்கும்போது அந்தக் கம்பெனியிலிருந்து வரும் போனில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நீங்கள் நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி மாற்றி வைப்பது.

இனி கேமரா. படம் மினுக்குவது கேமராவின் குறை இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மைதானத்தில் கட்டும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. கேமரா என்டிஎஸ்சி என்ற அமெரிக்க வீடியோ அமைப்பில் நொடிக்கு 60 படம் என்று வைத்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் மினுக்கும். மெனுவில் நம் நாட்டு அமைப்பான பிஏஎல் என்று மாற்றி, நொடிக்கு 50 படம், ஷட்டர் வேகம் 1/100 நொடி என்று வையுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். பகல் ஆட்டத்துக்கு ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் பாடிப் போகிறவர் கலங்க மாட்டார். இரவில் 1/100ல் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும், அதற்கு விளக்கைக் கூட்டச் சொல்ல வேண்டியது போட்டி நடத்துகிறவர்களிடம். இதுவரை செலவு பூஜ்யம்.

கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓரத்தில் பெஞ்சைப் போட்டு உயரத்தில் நின்றால் இருக்கிற லென்ஸே போதும். உங்களுக்கு இல்லாதது, வழுக்கிக்கொண்டு திரும்பும் தலை உள்ள நல்ல டிரைபாட். அதுவும் ஒரு நல்ல மெமரி கார்டும் சேர்த்து ஏறக்குறைய 5,000க்குள் முடித்துக்கொள்ளுங்கள். 4கேயில் எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்பிவரை போகும். 40 நிமிட ஆட்டம் ஒன்றே 30 ஜிபி. அப்புறம் ஹார்ட் டிஸ்க் கேட்கும், எடிட் செய்யப் புதுக் கம்ப்யூட்டர் கேட்கும். உங்கள் ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலைக்கு நடுவே கைபேசியில் பார்க்கிற ஊர்க்காரர்கள். அவர்களுக்கு முழு எச்டி தாராளம். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்கு 4கே உதவாது. வாரம் தவறாமல் போடுங்கள், ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டைக் கவனியுங்கள். அந்தப் பாட்டால் காப்புரிமைக் கோரிக்கை வந்தால் விளம்பரக் காசு பாட்டுக்காரருக்குப் போய்விடும்.

ட்ரோன் வேண்டாம். பதிவு, அனுமதி என்று அலைய வேண்டும். மஞ்சுவிரட்டு நடக்கும் சிராவயல் போலத் திறந்த பொட்டலில் மாடு அவிழ்த்து விடும் இடத்தில், தலைக்கு மேல் ரீங்காரம் போட்டு மாடு மிரண்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மாடி வீட்டுக்காரர் யாரிடமாவது சொல்லி மொட்டை மாடியில் இடம் பிடியுங்கள்.

மச்சினன் டிவிக்கு வருவோம். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. அதைச் சொல்லித்தான் எல்லாக் கடையிலும் இழுக்கிறார்கள். ஆனால் வட்டியில்லாத் தவணை என்று ஒன்று இல்லை. ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளுக்கு அதைச் சொல்லிவிட்டது. ரொக்கம் கொடுத்துப் பேரம் பேசினால் 62,000 டிவியை 57,000க்கு முடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5,000தான் வட்டி. தவணைக்கு ஆவணக் கட்டணம் வேறு. 120 ஹெர்ட்ஸ் (திரையில் நொடிக்கு 120 தடவை படம் மாறும்) என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு. நம் ஊர் எச்டி சானல்கள் 50 ஹெர்ட்ஸ் கணக்கில்தான் வருகின்றன. பத்தடி அறைக்கு 43 இஞ்ச் போதும், அதுவும் பழைய டிவி நின்றுபோன பிறகு. மச்சினனுக்கு அவ்வளவு ஆசை என்றால் அவர் வீட்டில் வாங்கட்டும், இறுதி ஆட்டத்துக்கு நீங்கள் போய் உட்காருங்கள். உறவு கெடாது.

மாதம் 5,167 தவணை கட்டலாம் என்று மச்சினன் சொல்வதை நீங்களும் யோசித்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சங்கிலிக்குக் கட்டுங்கள். பகுதி பகுதியாக அசல் கட்ட அனுமதிக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால், அனுமதிக்கிற, வட்டியும் குறைவான வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ நகையை மாற்றுங்கள். கையில் உள்ள 20,000ல் டிரைபாடுக்கு 5,000 போக 15,000ஐ அசலில் போட்டால் மிச்சம் 1,05,000. மாதம் 5,167 கட்டினால், வட்டியும் அதற்குள் அடக்கம், இரண்டு வருடத்துக்குள் முடியும். போட்டிகளில் நிற்கும் 15,000ஐயும் வருடாவருடம் அதிலேயே போட்டால் ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

இன்னொன்று. பையன்கள் சொன்னது, மச்சினன் சொன்னது, கம்பெனிக்காரர் சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சங்கிலிக்குச் சொந்தக்காரரான உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று எங்கேயும் இல்லை. அந்த 15,000ஐக் கட்டப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரசீதில் ‘வட்டி’ என்று வரவு வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அன்றைய தேதிவரை வட்டிப் பாக்கி இருந்தால் அதைத் தனியே கட்டிவிட்டு, அசல் பாக்கி 1,05,000 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.