வயிற்றைக் காயப்போடாதே தாயி

கேள்வி: எனக்கு இது ஆறாவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 158. அன்றிலிருந்து இரவுக்கு வெறும் அரிசிக் கஞ்சிதான் தருகிறார் அத்தை. "சர்க்கரையும் குறையும், பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவமும் ஆகும்" என்கிறார். நான் வயிற்றைக் கட்டினால் பிள்ளைக்குச் சர்க்கரை வராதா? - வாசகி, திருமங்கலம்.

பதில்: கஞ்சியால் சர்க்கரை குறையாது தாயி. வெறும் கஞ்சி சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பிள்ளைக்குச் சத்தும் போய்ச் சேராது.

நான் உசிலம்பட்டிப் பக்கம் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். "நோகாமப் பெத்துட்டா" என்று கிழவிகள் சந்தோஷப்பட, பிள்ளையைத் துணியில் போட்டுக் கொக்கித் தராசில் தூக்குவேன். முள் இரண்டைத் தாண்டியதும் நின்றுவிடும். அப்படி 2 கிலோ 100 கிராமில் தூக்கிய ஒரு பையனை, 28 வயதில் சர்க்கரை மாத்திரை வரிசையில் பார்த்தேன். குச்சிக் கை, குச்சிக் கால், முன்னால் தள்ளிய தொப்பை. அவன் அம்மா மாசமாக இருந்தபோது ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பிட்டாள். அன்றைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் ஒருவனை வைத்துச் சொல்லவில்லை. புனே பக்கத்துக் கிராமங்களில் 1990-களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5. நம் பிள்ளைகளுக்குத் தசைதான் ரொம்பக் குறைவு, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றுக்குள் சாப்பாடு பற்றாதபோது சிசு மூளையை முதலில் காப்பாற்றும். தசையும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கிற கணையமும் பின்தங்கிவிடும். வளர்ந்தபின் மூன்று வேளைச் சோறும் பரோட்டாவும் வந்தால் அந்த உடம்பு தாங்காது, சர்க்கரை வந்துவிடும். ஹாலந்தில் 1944-45 பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்கும் நடுவயதில் இந்தச் சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இருந்தது.

அதற்காக 158-ஐ விட்டுவிடக் கூடாது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். உன் ரத்தத்துச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். உன் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து கொழுக்கும். அதற்கும் பிற்காலத்தில் சர்க்கரை வர வாய்ப்புக் கூடும்.

தட்டில் பாதி கீரையும் காயும் இருக்கட்டும். கால் பங்கு சோறு. குதிரைவாலியானாலும் அதே அளவுதான். மீதிக் கால் பங்கில் தட்டைப்பயறு, முட்டை, அயிரை மீன் எது கிடைக்கிறதோ அது. பாலும் மோரும் விடாதே, வைட்டமின் பி12 அதில் இருக்கிறது. ஒரேயடியாகச் சாப்பிடாமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள். ஜூஸும் ஜிகர்தண்டாவும் பிரசவம் வரை வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்கு மேல் காட்டினால் டாக்டர் மருந்தோ இன்சுலினோ சொல்வார். பயப்படாமல் போட்டுக்கொள்.

அத்தை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆபரேஷன் என்றால் அவருக்குப் பயம். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போ, டாக்டர் வாயால் கேட்கட்டும். பிரசவமாகி ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போவாயே, அன்றைக்கே உனக்கும் மறுபடி சர்க்கரை பார்த்துவிடு.