எஸ்ஏடியில் 1540: அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பத்தாம் வகுப்பிலிருந்தே 96 சதவீதத்துக்குக் குறைந்ததில்லை. எஸ்ஏடி 1540. பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவுக்குத் தலைவன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். எங்களால் ஆண்டுக்கு 20,000 டாலர் வரை கட்ட முடியும். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட் மாதிரியான இடங்களில் அவனுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு? பத்து இடங்களுக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்காதா?

பதில்: மார்க்கில் உங்கள் மகனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மார்க்கை வைத்து வாய்ப்பைச் சொல்ல முடியாது. வெளிநாட்டு மாணவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பவன், பெரிய அளவில் பண உதவி தேவைப்படுபவன்: இப்படி ஒருவனுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை இடம் உண்மையில் திறந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023இல் ஹார்வர்டுக்கு 56,937 பேர் விண்ணப்பித்தார்கள், 1,942 பேருக்கு இடம் கிடைத்தது. அதாவது 3.4 சதவீதம். இந்த 1,942 இடமும் எல்லோருக்கும் பொதுவானவை என்று நினைத்துவிடாதீர்கள். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை எதிர்த்து ஹார்வர்ட் மீது தொடரப்பட்ட வழக்கில் (2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது) வெளிவந்த கணக்குப்படி, விளையாட்டுக்காகச் சேர்க்கப்படுபவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், டீனின் சிறப்புப் பட்டியலில் இருப்பவர்கள் (நன்கொடையாளர்களின் உறவினர் போன்றவர்கள்), ஆசிரியர், ஊழியர்களின் பிள்ளைகள் ஆகியோர் விண்ணப்பித்தவர்களில் 5 சதவீதம்தான். சேர்க்கப்பட்டவர்களிலோ அவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். இந்த வரிசையில் இல்லாத ஒருவருக்கு 3.4 என்பதே கூடுதலான எண். வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் குறையும். எம்ஐடி உள்நாட்டவர், வெளிநாட்டவர் இரு பிரிவின் எண்களையும் தனித்தனியே வெளியிடுகிறது. அங்கே அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டவர் தேர்வாகும் விகிதம் உள்நாட்டவருடையதில் பாதிகூட இல்லை.

அதே வழக்கு மார்க்கின் மதிப்பையும் காட்டிக்கொடுத்தது. ஒரே ஆண்டில் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த சுமார் 26,000 உள்நாட்டு மாணவர்களில் 2,700 பேர் எஸ்ஏடி மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். பள்ளி மதிப்பெண்ணில் முழுமை பெற்றவர்கள் 8,000க்கும் மேல். ஒவ்வொரு மாணவரையும் படிப்பு, பிற செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று பிரித்து 1 முதல் 6 வரை தரம் போடுகிறார்கள், 1தான் உயர்ந்தது. அவர்களின் வழிகாட்டிக் குறிப்பின்படி, சிறந்த மார்க்கும் எஸ்ஏடியின் ஒவ்வொரு பகுதியிலும் 800க்கு 700களின் நடுவிலிருந்து மேலான மதிப்பெண்ணும் படிப்பில் 2க்குரியவை. உங்கள் மகன் அங்கே நிற்கிறான். 1 வாங்க அதற்கு மேல் சொந்த ஆய்வு வேண்டும். ரோபோட்டிக்ஸில் பள்ளிக்கு வெளியே வட்டார அளவிலாவது அங்கீகாரம் இருந்தால் செயல்பாட்டில் 2, தனிச்சிறப்பு இல்லாத பங்கேற்பு மட்டும் என்றால் 3. இந்தத் தரத்தை நீங்களே மனச்சாட்சியோடு போட்டுப் பாருங்கள். பெற்றோர் பெரும்பாலும் ஒரு படி கூட்டியே போடுகிறார்கள்.

இனி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கணக்குப் போடும் வழி. பல்கலைக்கழகத்தின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான இடங்கள் ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் இதை வெளியிடுகின்றன. சி-7 பகுதியில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று இருக்கும். எம்ஐடி அதில் ‘மிக முக்கியம்’ என்று குறிப்பது குணநலனை மட்டும்தான், மார்க்கும் எஸ்ஏடியும் அதற்கு அடுத்த நிலையில். சி-9இல் எஸ்ஏடியின் 25, 50, 75ஆம் சதமான மதிப்பெண்கள், அதாவது சேர்ந்தவர்களில் கால், அரை, முக்கால் பங்கினர் எந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறார்கள் என்ற எண்கள், இருக்கும். அங்கே 1510 முதல் 1580 என்று கண்டால், 1540 நடுவில் இருக்கிறது, பாதி வாய்ப்பு என்று பலர் கணக்கிடுகிறார்கள். தவறு. அது சேர்ந்தவர்களின் மதிப்பெண். அதே மதிப்பெண்ணோடு நிராகரிக்கப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்ஏடி கட்டாயமில்லாத இடங்களில் குறைந்த மதிப்பெண்காரர்கள் அதை அனுப்புவதே இல்லை, அதனால் எண்கள் இன்னும் உப்பித் தெரியும். 1540க்கு மேல் மறுபடி எழுதுவது வீண் வேலை. அந்த நேரம் கட்டுரைக்குப் போகட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் பாடப்பிரிவு வாரியாகச் சேர்ப்பதில்லை. கார்னகி மெலன், இல்லினாய் அர்பானா-ஷாம்பெயின் போன்றவை அப்படித்தான் சேர்க்கின்றன. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கான விகிதம் பொது விகிதத்தைவிட வெகுவாகக் குறைவு. காமன் டேட்டா செட்டில் வருவது பொது விகிதம் மட்டுமே. அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது பணம். இந்தத் தனியார் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. உங்கள் 20,000 போக, ஆண்டுக்கு 60,000க்கு மேல் அவர்கள் தர வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமலே தேர்வு செய்கின்றன. தேர்வானால் தேவையை முழுதாக ஈடுகட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா அப்படியல்ல. அங்கே உதவி கேட்ட வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தை எடைபோடும்போது அந்தத் தேவையும் தராசில் ஏறும்.

மற்ற கல்லூரிகளுக்கு காமன் டேட்டா செட்டின் எச்-6 பகுதியைத் திறங்கள். உதவி பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், சராசரி எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். 150 பேர், சராசரி 65,000 டாலர் என்றிருந்தால் உங்கள் தேவை அங்கே வழக்கமானது. 300 பேர், சராசரி 18,000 என்றிருந்தால் பணத்தைப் பலருக்குப் பங்கிடுகிறார்கள். மகனுக்கு இடம் கிடைத்தாலும் உங்களால் அனுப்ப முடியாது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் சராசரியைப் பாருங்கள். நான்கு ஆண்டு மாணவர்களும் சேர்ந்த கணக்கு அது என்பதால், ஓராண்டுக்கு எத்தனை பேர் என்று அறிய நான்கால் வகுக்க வேண்டும். பட்டியலில் பெர்க்லியோ யுசிஎல்ஏவோ இருந்தால் எடுத்துவிடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடியையும் பார்ப்பதில்லை, வெளிநாட்டவருக்குத் தேவை அடிப்படையில் உதவியும் தருவதில்லை.

உதவி வேண்டாம் என்று விண்ணப்பித்துவிட்டு, இடம் கிடைத்த பிறகு கேட்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த யோசனையை ஏற்காதீர்கள். பல கல்லூரிகளில், விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க விதியே இடம் தராது.

நவம்பர் 1இல் முடியும் முன்கூட்டிய விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஒரு கல்லூரிக்கு மொத்தம் 20,000 பேர் விண்ணப்பித்து 2,000 பேர் தேர்வாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 10 சதவீதம். முன்கூட்டிய சுற்றில் 2,000 பேரில் 500 பேர் தேர்வு: 25 சதவீதம். மீதி 18,000 பேருக்கு 1,500 இடம்: 8.3 சதவீதம். மும்மடங்கு லாபம் போலத் தோன்றும். அந்த 500இல் விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள் என்பதால், மகனுக்குக் கிடைக்கும் லாபம் அதைவிடச் சிறியது. ஆனாலும் கட்டாயம் சேர வேண்டிய ‘எர்லி டிசிஷன்’ முறைக்கு உண்மையான பலன் உண்டு. எச்-6 எண்கள் ஒத்துவரும் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தரும் உதவி போதாவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி விலகிக்கொள்ளலாம்.

பத்து இடங்களுக்குப் போட்டால்? ஒவ்வொன்றிலும் 5 சதவீதம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம் வாய்ப்பு வரும். ஆனால் பத்து இடங்களுக்கும் போவது அதே மார்க், அதே பரிந்துரைக் கடிதம், அதே கட்டுரை, அதே பணத் தேவை. ஓரிடத்தில் தடுத்த காரணம் மற்ற இடங்களிலும் தடுக்கும். பத்து இடங்கள் என்றாலும் நாணயத்தைச் சுண்டுவது ஏறத்தாழ ஒரே தடவைதான். உங்கள் மகனுக்குத் தேவையைப் பார்க்காத இடங்களில் தலா 1 முதல் 2 சதவீதம், பத்தும் சேர்ந்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு அதிகம் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கணிப்பு. ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் 20 கல்லூரிகள் வரை அனுமதிக்கிறது. தேவையைப் பார்க்காத இடங்கள் ஐந்தாறு போதும். எச்-6 ஒத்துவரும் நடுத்தரக் கடினக் கல்லூரிகள் ஆறேழு. மார்க்கைப் பார்த்துத் தானாகவே ஸ்காலர்ஷிப் தரும் இடங்கள் இரண்டு. உள்நாட்டில் ஓர் உறுதியான இடம்.

வாய்ப்பைக் கூட்ட இனியும் மிச்சமிருப்பது எழுத்து. காமன் ஆப்பில் ஒரு செயல்பாட்டை விவரிக்க 150 எழுத்துகள்தான். “குழுவை வழிநடத்திப் பல போட்டிகளில் பங்கேற்று தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்” என்பதில் ஒரு செய்தியும் இல்லை. “6 பேர் குழு, தக்காளியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கருவி, மோட்டாரை இயக்கும் புரோகிராம் என்னுடையது, சனிதோறும் 14 மாணவர்களுக்குப் பயிற்சி” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு பையன் தெரிவான். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கும் இதே மாதிரி நான்கைந்து நிகழ்வுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் “ஒழுக்கமான, கடின உழைப்பாளி” என்று எல்லோருக்கும் எழுதும் கடிதமே போய்ச் சேரும்.

மார்ச் இறுதியில் முடிவு வரும்போது காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால், அந்தக் கல்லூரியின் சி-2 பகுதியைப் பாருங்கள்: எத்தனை பேரைக் காத்திருக்க வைத்தார்கள், எத்தனை பேரை அழைத்தார்கள் என்று இருக்கும். தேவையைப் பார்க்கும் கல்லூரிகளில் அதற்குள் உதவிப் பணம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆகவே மே 1க்குள் கையில் இருக்கும் இடத்துக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.